எட்டுச் சக்கரமும் எட்டு ஆடும்

உளுந்தங்கோட்டை நாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போட்டவர் அந்த இடத்துக்கு வந்தபோது காகிதத்தின் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அதை எழுப்ப மனமில்லாமல் சுற்றி வரைந்துவிட்டுப் போய்விட்டார். மற்றபடி அது எல்லா நாடுகளையும் போன்ற நாடுதான். ஓர் ஆறு, ஓர் அணை, ஒரு ராஜா, ஒரு ராணுவம் எல்லாம் உண்டு. ராணுவம் என்றால் தளபதி வீரபாகுவும் அவருக்குக் கீழே பத்துப் பேரும்.

அந்த நாட்டுக்குப் பகைநாடு என்று எதுவும் அமையவில்லை. இருந்தும் ராஜா ஒரு கவச வண்டி வாங்கினார். வண்டி கையில் இருந்தால் பகைநாடு தானாக வந்து சேரும் என்று அமைச்சர்கள் அவருக்கு எடுத்துச் சொல்லியிருந்தார்கள்.

வண்டி நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துக்கு நான்காக எட்டுச் சக்கரம். ஓட்ட ஒருவர், சுட ஒருவர், உத்தரவு போட ஒருவர். அவர்களுக்குப் பின்னால் எட்டு வீரர்கள் எதிரெதிராக உட்காரலாம். மேலே எந்தப் பக்கமும் திரும்பும் பீரங்கி. துப்பாக்கிக் குண்டு துளைக்காத உடல். சக்கரத்தில் ஓட்டை விழுந்தாலும் நிற்காமல் ஓடும். இருட்டிலும் பார்க்கும். ஆற்றில் இறங்கினால் மிதந்து, பின்னாலுள்ள இரண்டு விசிறிகளைச் சுழற்றிக்கொண்டு படகுபோல் அக்கரை சேரும்.

"இவ்வளவையும் இது செய்யுமா?" என்று ராஜா வாய்பிளந்து கேட்டார்.

"சொன்னபடி நடத்தினால் செய்யும்," என்றார் வண்டியோடு வந்த பயிற்சியாளர் சாலமோன்.

சொன்னபடி நடப்பதில் உளுந்தங்கோட்டை ராணுவத்தை மிஞ்ச ஆள் கிடையாது. அது சாலமோனுக்கு அப்போது தெரியாது.

அந்த ராணுவத்தில் ஒரு வழக்கம் உண்டு. விதிகளை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரே மண்டைக்குள் இரண்டு விதியை வைத்தால் இரண்டும் முட்டிக்கொண்டு உடைந்துவிடும் என்பது தளபதி வீரபாகுவின் கருத்து. ஆகவே சாலமோன் ஒரு விதியைச் சொல்லும்போது அதற்குரியவன் மட்டும் கேட்பான். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு மரியாதையாக நிற்பார்கள்.

இப்படியாக, பின்கதவைத் திறக்கும் விதி குப்பாண்டிக்குப் போயிற்று. வண்டி கரையில் ஏறியதும் என்ன செய்ய வேண்டும் என்பது நெட்டைச் சடையனுக்குப் போயிற்று. வண்டியை ஓட்டுகிற அரியமுத்துவுக்குக் கதவை மூடிக்கொண்டு ஆற்றில் இறங்கும் விதி. பீரங்கிக்காரன் கோதண்டத்துக்கு வெப்பக் கேமரா. புகை விடுவது ஒருவனுக்கு, தழை மூடுவது ஒருவனுக்கு என்று எல்லாருக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. பங்கு முடிந்தபோது தளபதிக்கு மட்டும் எதுவும் மிஞ்சவில்லை.

"பரவாயில்லை," என்றார் அவர் பெருந்தன்மையாக. "என் மண்டை காலியாவே இருக்கட்டும். அவசரத்துக்கு உதவும்."

முதல் நாள் சக்கரப் பயிற்சி. ஓட்டை விழுந்தாலும் ஓடும் என்று சாலமோன் சொல்லி வாய் மூடுமுன் ஒருவன் கடப்பாரையால் முன்சக்கரத்தைக் குத்தினான். வண்டி ஓடியது. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு மற்ற ஏழு சக்கரங்களையும் குத்தினார்கள்.

"ஐயோ, ஒண்ணு போதாதா?" என்று அலறினார் சாலமோன்.

"ஒரு சக்கரத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்தா மத்ததெல்லாம் எப்ப கத்துக்கும்?" என்று கேட்டான் அரியமுத்து.

அடுத்து வெப்பக் கேமரா. சூடான உடம்பெல்லாம் அதில் வெள்ளையாகத் தெரியும். வெள்ளையாக எது தெரிந்தாலும் உடனே தளபதிக்குச் சொல்ல வேண்டும். கோதண்டம் வண்டிக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்தான். தளபதி வெளியே வாக்கி-டாக்கியோடு நின்றார்.

"ஐயா! வெள்ளையா ஒரு உருவம்!"

"எங்கேடா?"

"புளியமரத்துக்கு வலப்பக்கம். ஆளு குட்டை. தொப்பை இருக்கு."

புளியமரத்துக்கு வலப்பக்கம் நின்றிருந்த தளபதி சுற்றுமுற்றும் பார்த்தார். "இப்ப என்ன பண்றான்?"

"சுத்திமுத்திப் பாக்குறான் ஐயா. திருட்டு முழி."

"சத்தம் போடாதே. நான் மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு அவனைப் பிடிக்கிறேன்."

"ஐயா, அவனும் மரத்துக்குப் பின்னாலதான் போறான்! உங்க பக்கத்துலயே இருக்கான் ஐயா!"

தளபதி ஓடிவந்து வண்டிக்குள் குதித்து மேல்மூடியைச் சாத்திக்கொண்டார். மூச்சு வாங்கியது. "இப்ப?"

"காணோம் ஐயா. ஓடிட்டான்."

எதிரியைத் தன்னந்தனியாக விரட்டியதற்காகத் தளபதி அன்று மாலை தமக்கு ஒரு பதக்கம் குத்திக்கொண்டார். கோதண்டம் சாட்சி சொன்னான்.

ஆற்றில் இறங்கும் பயிற்சியின்போது சாலமோன் கொஞ்சம் தளர்ந்துபோயிருந்தார். "எட்டு சீட்டும் நிரம்பியிருக்கட்டும். குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம். பாரம் சமமா இருக்கும்," என்றார். அன்றைய பயிற்சிக்காகச் சொன்னது அது. அரியமுத்து அதை ஆயுளுக்கும் பத்திரப்படுத்திக்கொண்டான். சடையனுக்கு அவர் சொன்னது: "வண்டி கரை ஏறினதும் சீட்டில் இருக்கிற எட்டும் இறங்கணும். பரவி நின்னு இடத்தைப் பிடிச்சுக்கணும்." தழைக்காரனுக்குச் சொன்னது: "வண்டி முழுக்கத் தழையால மூடணும்."

மறுநாள் சாலமோன் ஊருக்குப் புறப்பட்டார். விடைபெறும்போது அவர் அழுததைப் பிரிவுத் துயரம் என்று ராணுவம் எடுத்துக்கொண்டது.

தழைக்காரன் வண்டியை முழுக்க மூடினான். முழுக்க என்றால் முழுக்க. வெளியே அகத்தி, உள்ளே அகத்தி, இருக்கைகளுக்கு மேலும் அகத்தி. வண்டியை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு எல்லாரும் உள்ளே உட்கார்ந்து பகைநாட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

பகைநாட்டுக்குப் பதிலாகச் சிட்டம்மாதான் வந்தாள். அவளுக்கு எட்டு ஆடுகள். வேறு சொத்து எதுவும் கிடையாது. அன்று காலை ஆறு வற்றிக் கிடந்ததால் நடுவிலிருந்த மணல்திட்டில் ஆடுகளை மேயவிட்டு, விறகு பொறுக்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து, கீழ்வயல்களுக்குத் தண்ணீர் விடவேண்டி, மதகுக்காரர் மாசானம் அணையின் மதகைத் தூக்கிவிட்டார். அவள் திரும்பி வந்தபோது திட்டைச் சுற்றி ஆறு சுழித்து ஓடியது. ஆடுகள் நடுவில் நெருக்கியடித்து நின்று கத்தின. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

அவள் கவச வண்டியைப் பார்த்து ஓடிவந்தாள். "ஐயா! தளபதி ஐயா!"

"ஐயா, அந்தம்மா நம்மளப் பாத்துட்டாங்க," என்றான் புகைக்காரன். பார்த்துவிட்டால் புகை விடவேண்டும் என்பது அவனுடைய விதி. விட்டான். டப் டப்பென்று குண்டுகள் வெடித்து, வண்டியும் சிட்டம்மாவும் பாதிக் கரையும் வெள்ளைப் புகைக்குள் மறைந்தன.

புகைக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. "நாசமாப் போக! எங்கேய்யா இருக்கீங்க?"

"சொல்லக்கூடாதும்மா. மறைஞ்சிருக்கோம்," என்றார் தளபதி.

"அந்தக் குரல் போதும்," என்று சிட்டம்மா தடவிக்கொண்டே வந்து வண்டியின் மூக்கில் தட்டினாள். "என் ஆடு எட்டும் திட்டுல மாட்டிக்கிச்சுய்யா. இன்னும் கொஞ்ச நேரம் போனா அடிச்சுக்கிட்டுப் போயிடும். உங்க வண்டி நீந்துமாமே? போய்க் கூட்டியாங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

உள்ளே ஆலோசனை நடந்தது.

"ஆட்டைக் காப்பாத்துறது ராணுவத்து வேலையா?" என்று கேட்டான் கோதண்டம்.

"ஆடு யாரோட ஆடு? நம்ம நாட்டு ஆடு," என்றான் சடையன்.

"தண்ணி?"

"அதுவும் நம்ம தண்ணிதான்."

"அப்ப ரெண்டும் நம்ம ஆளுங்க. இது உள்நாட்டுச் சண்டை. நாம எந்தப் பக்கம்?"

இதற்குப் பதில் கிடைக்க நேரமாயிற்று. கடைசியில், ஆடு கத்துகிறது, தண்ணீர் உதவி கேட்கவில்லை என்பதைக் கருத்தில் கொண்டு தளபதி ஆட்டின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அரியமுத்து எட்டு இருக்கையும் நிரம்பியிருப்பதைச் சரிபார்த்துவிட்டு வண்டியை ஆற்றில் இறக்கினான்.

வண்டி அழகாக மிதந்தது. நீரோட்டத்தை நிதானமாகக் குறுக்கே அறுத்துக்கொண்டு போய்த் திட்டில் ஏறியது. கரையில் சிட்டம்மா கைகூப்பி நின்றாள். அந்த வண்டியைச் செய்தவர்கள் பார்த்திருந்தால் கண்கலங்கியிருப்பார்கள்.

குப்பாண்டி பின்கதவைத் திறந்தான். சடையன் கட்டளையிட, எட்டுப் பேரும் குதித்துப் பரவி, மணலில் குப்புறப் படுத்து, ஆளுக்கொரு முழம் இடத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். ஆடுகள் மிரண்டு ஓடின. ஓடிய வழியில் கதவு திறந்திருந்தது. உள்ளே அகத்தி மணத்தது. எட்டும் ஏறி ஆளுக்கொரு இருக்கையில் முன்னங்காலை ஊன்றி மேயத் தொடங்கின.

தளபதி முன்னால் இருந்தபடியே கேட்டார்: "பின்னால எல்லாம் நிரம்பிடுச்சா?"

கோதண்டம் கேமராவை உள்பக்கம் திருப்பிப் பார்த்தான். "எட்டும் வெள்ளையாத் தெரியுது ஐயா."

"குறையலையே? கூடலையே?"

"சரியா எட்டு."

அரியமுத்து கதவை மூடினான். வண்டி கரைக்குத் திரும்பியது. சிட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"வீரர்களே, இறங்குங்கள்!" என்று கம்பீரமாகச் சொன்னார் தளபதி.

"ம்மே," என்றார்கள் வீரர்கள்.

தளபதி திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அரியமுத்து, நம்ம பசங்களுக்குக் கொம்பு இருந்ததா?"

"கவனிச்சதில்லை ஐயா. எப்பவும் தொப்பி போட்டிருப்பாங்க."

"எது எப்படியோ, கதவைத் திறங்கய்யா! ஆடு இறங்கட்டும்!" என்று கத்தினாள் சிட்டம்மா.

அரியமுத்துவுக்கு மூடத்தான் தெரியும். திறக்கும் விதி குப்பாண்டியின் மண்டையில் இருந்தது. குப்பாண்டியின் மண்டை திட்டில் இருந்தது. தளபதி கையைக் குவித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக் கூவினார்:

"டேய் குப்பாண்டி! கதவை எப்படிடா திறக்கிறது?"

"சொன்னா உங்க மண்டையில ரெண்டு விதி ஆயிடுமே ஐயா!"

"என் மண்டை காலிடா! தாராளமாச் சொல்லு!"

"உங்களுது காலி, ஐயா! இங்கேருந்து கத்தினா எல்லாருக்கும் கேக்குமே! அவங்க மண்டை உடைஞ்சா யார் பொறுப்பு? நேர்ல வாங்க, காதோட காதாச் சொல்றேன்!"

அதில் இருந்த பொறுப்புணர்ச்சியைத் தளபதி பாராட்டாமல் இருக்க முடியவில்லை. வண்டி ஆடுகளோடு திரும்பவும் ஆற்றில் இறங்கியது.

"அய்யய்யோ, எங்கேய்யா கொண்டுபோறீங்க?" என்று சிட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

திட்டில் குப்பாண்டி தளபதியின் காதில் சொன்னான்: "பச்சைப் பொத்தான்." சொன்னதோடு நிற்காமல் அமுக்கியும் காட்டினான். கதவு திறந்தது. கரை ஏறியதும் சீட்டில் இருப்பவர்கள் இறங்க வேண்டும் என்று சடையன் ஆடுகளுக்கு நினைவூட்டினான். அகத்தியும் தீர்ந்திருந்ததால் ஆடுகள் கீழ்ப்படிந்தன. திட்டு முன்னைவிடச் சிறுத்திருந்தது.

தளபதிக்கு முதன்முதலாக ஒரு விதி கிடைத்த மகிழ்ச்சி. "எல்லாரும் ஏறுங்கடா, போகலாம்!" என்றார். வீரர்கள் ஏறினார்கள். சீட்டு எட்டும் நிரம்பியது. கரைக்கு வந்து, தளபதி தம் கையாலேயே பச்சைப் பொத்தானை அமுக்கினார். கதவு பிரமாதமாகத் திறந்தது. சிட்டம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஆடு எங்கேய்யா?"

வீரர்கள் குனிந்து சீட்டுக்கு அடியில் தேடினார்கள்.

"அம்மா, பதறாதே," என்றார் தளபதி. "ஆடு இருக்கிற இடம் எங்களுக்குத் தெரியும்."

மறுபடி போனார்கள். திட்டில் வீரர்கள் எட்டுப் பேரும் இறங்கிப் பரவிப் படுத்தார்கள். இப்போது இடம் குறைவாக இருந்ததால் ஒருவர்மேல் ஒருவராகப் பரவினார்கள். தளபதி தாமே நின்று ஆடுகளை ஏற்றி, தாமே எண்ணி, வெற்றியோடு கரைக்குக் கொண்டுவந்து, பச்சைப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஐயா, நிறுத்துங்க!" என்று கையைப் பிடித்தான் அரியமுத்து. "ஆட்டை இறக்கிட்டா சீட்டு காலியாயிடும்."

"ஆகட்டுமே?"

"திட்டுல நம்ம ஆளுங்க எட்டுப் பேர் இருக்காங்க. அவங்களைக் கூட்டிவரப் போகணும். எட்டு சீட்டும் நிரம்பாம ஆத்துல இறங்கக் கூடாது."

தளபதியின் கை காற்றில் நின்றது. ஒரு படைத்தலைவர் இப்படிப்பட்ட இக்கட்டில் அதற்கு முன் மாட்டியதில்லை.

"ஆட்டைக் கூட்டிக்கிட்டுப் போய் ஆளைக் கூட்டிக்கிட்டு வருவோம்," என்றான் கோதண்டம்.

"அப்புறம் ஆளைக் கூட்டிக்கிட்டுப் போய் ஆட்டைக் கூட்டிக்கிட்டு வருவோம்," என்றான் அரியமுத்து.

"அப்புறம்?"

"அப்புறம் முதல்ல சொன்னதேதான். விதி எங்கேயும் மீறலை ஐயா."

"யோவ், நாலு ஆட்டையும் நாலு ஆளையும் ஏத்திக்கிட்டு வாங்கய்யா!" என்றாள் சிட்டம்மா. "இல்லைன்னா எட்டுக் கல்லைத் தூக்கி சீட்டுல வச்சுக்கிட்டுப் போங்க! இப்ப ஆட்டை விடுங்க!"

தளபதி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "சீட்டுல கல்லா? கரை ஏறினதும் சீட்டுல இருக்கிறதெல்லாம் இறங்கி நிக்கணும்மா. கல்லு எப்படி இறங்கும்? பொதுமக்களுக்கு ராணுவ விஷயம் புரியாது."

வண்டி ஆடுகளோடு நான்காவது முறையாக ஆற்றில் இறங்கியது. தண்ணீர் இப்போது திட்டின் விளிம்பைத் தின்றுகொண்டிருந்தது. சிட்டம்மா ஒரு கணம் நின்றாள். இவர்களை நம்பினால் ஒரு குட்டிகூட மிஞ்சாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அணையை நோக்கி ஓடினாள்.

மதகுக்காரர் மாசானம் அணைமேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"அண்ணே! மதகைச் சாத்துங்கண்ணே! என் ஆடெல்லாம் திட்டுல நிக்குது!"

"அடடா, முன்னமே சொல்லக்கூடாதா? கீழ இருக்குன்னு தெரிஞ்சா திறந்திருக்கவே மாட்டேனே தாயி." மாசானம் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து சக்கரத்தைச் சுற்றினார். மதகு இறங்கியது.

அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது ஆறு முழங்காலுக்கு வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கணுக்காலுக்கு வந்தது. பிறகு மணல்தான் மிஞ்சியது. திட்டில் அவளுடைய எட்டு ஆடுகளும் இறக்கிவிட்ட இடத்தில் பரவி நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சின்னக் குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பா, பா" என்று கூப்பிட்டபடி மணலில் நடந்தாள். மற்றவை அவள் பின்னால் வரிசையாகப் போயின. கரையேறி வீட்டுப் பாதையில் திரும்பும்வரை அவள் ராணுவத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

ராணுவம் அவள் போவதைப் பார்த்துக்கொண்டு திட்டில் நின்றது.

"கொடுத்துவச்சவ," என்றான் சடையன் ஏக்கத்தோடு. "வீடு போய்ச் சேந்துட்டா. நாம எப்படிப் போறது?"

தளபதி உத்தரவிட்டார். வீரர்கள் ஏறினார்கள். அரியமுத்து வண்டியைக் கிளப்பினான். பின்விசிறிகள் இரண்டும் காற்றில் விர்ரென்று சுழன்றன. வண்டி அசையவில்லை.

"என்னடா?"

"தண்ணி தீந்துபோச்சு ஐயா."

"எட்டுச் சக்கரம் இருக்கே?"

"சக்கரம் தரையில ஓட்டுறதுக்கு ஐயா. நாம ஆத்துக்குள்ள இல்ல இருக்கோம்?"

தளபதிக்கு அது சரியாகவே பட்டது. அணைக்கு ஆளனுப்பி மதகைத் திறக்கச் சொல்வதென்று முடிவாயிற்று. செய்தியைச் சுமந்து போக இடமுள்ள மண்டை வேண்டும். தன் விதியைத் தளபதிக்குக் கொடுத்துவிட்டதால் குப்பாண்டியின் மண்டைதான் அப்போது காலியாக இருந்தது. அவன் சல்யூட் அடித்துவிட்டு மணலில் இறங்கி, ஆற்றைக் கடந்து, கரையேறி, அணைக்குப் போய்ச் சேர்ந்தான்.

"மதகைத் திறக்கணுமாம் அண்ணே. தளபதி உத்தரவு."

"இப்பத்தானேடா சாத்தச் சொன்னாங்க? எதுக்கு?" என்றார் மாசானம்.

"வண்டியும் பத்துப் பேரும் திட்டுல மாட்டிக்கிட்டாங்க. தண்ணி வந்தாத்தான் கரைக்கு வர முடியும்."

மாசானம் வறண்ட ஆற்றைப் பார்த்தார். பிறகு குப்பாண்டியின் மணல் ஒட்டிய பாதங்களைப் பார்த்தார்.

"நீ எப்படி வந்தே?"

"நடந்து."

"அப்ப அவங்களையும் நடந்து வரச் சொல்லேன்டா."

குப்பாண்டி யோசித்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது, உடனே வாடியது.

"நல்ல யோசனைதான் அண்ணே. ஆனா அதை அவங்ககிட்டப் போய்ச் சொல்லணுமே," என்று ஆற்றைக் கவலையோடு காட்டினான். "தண்ணியே இல்லாம நான் எப்படித் திரும்பிப் போறது?"